பதிவேட்டில் இருந்த எட்டுப் பெயர்கள்

கோலாலம்பூர், செராஸ் சாலை கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில் 2012 அக்டோபர் 18ஆம் நாள் பிரிட்டிஷ் அரச விமானப்படையினர் எட்டுப் பேர் முழு ராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டனர். அவர்கள் இறந்தது 1945 ஆகஸ்ட் 23ஆம் நாள். இடைப்பட்ட 67 ஆண்டுகளில் பெரும்பகுதி அவர்களின் உடல்கள் நெகிரி செம்பிலான் காட்டு மலைச்சரிவில், அவர்கள் பறந்து வந்த லிபரேட்டர் விமானத்தின் சிதைவுகளோடு கிடந்தன. அந்த விமானத்தின் எண் கே.எல்.654. எண்ணின் முன்னால் இருக்கும் ‘கே.எல்.’ கோலாலம்பூரைக் குறிப்பதன்று. அரச விமானப்படை தன் விமானங்களுக்கு வரிசையாக இட்டுவந்த எழுத்துகள் அவை. அந்த எழுத்துகளைத் தாங்கிய விமானத்தின் குழுவினருக்குக் கடைசியில் கோலாலம்பூரிலேயே இடம் கிடைத்தது தற்செயல்.

போர் முடிந்தும் முடியாத நாள்கள்

ஜப்பான் சரணடைவதாக அறிவித்தது 1945 ஆகஸ்ட் 15ஆம் நாள். ஆனால் மலாயாவில் ஜப்பான் காலம் அன்றே முடிந்துவிடவில்லை. டோக்கியோவில் முறைப்படி கையெழுத்தாகும்வரை பிற இடங்களில் நேச நாட்டுப் படைகள் தரையிறங்கக் கூடாது என்று அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தர் தடுத்திருந்தார். டோக்கியோ விரிகுடாவில் செப்டம்பர் 2ஆம் நாள்தான் கையெழுத்தானது. கிள்ளானுக்குத் தெற்கே மோரிப் கடற்கரையில் இந்தியப் படைப்பிரிவுகள் இறங்கியது செப்டம்பர் 9ஆம் நாள். கோலாலம்பூரில் விக்டோரியா கல்விக்கூடத்தில் ஜப்பானியர் சரணடைந்தது அதற்கும் நான்கு நாள் கழித்து. ஆக, ஏறக்குறைய ஒரு மாத காலம் நாடு யார் கையில் இருக்கிறது என்பதே தெளிவில்லாமல் கழிந்தது.

அந்த இடைவெளியிலும் காட்டுக்குள் ஆட்கள் இருந்தார்கள். ஃபோர்ஸ் 136 என்ற பிரிட்டிஷ் ரகசியப் படையின் அதிகாரிகளும், அவர்களோடு சேர்ந்து இயங்கிய ஜப்பானிய எதிர்ப்புக் கெரில்லாக்களும் உணவு, மருந்து, வானொலிக் கருவி எல்லாவற்றுக்கும் வானத்தையே நம்பியிருந்தனர். கே.எல்.654 அன்று புறப்பட்டது குண்டு வீசுவதற்காக அல்ல. இவர்களுக்குப் பொருள் போடுவதற்காக.

கொக்கோஸ் தீவிலிருந்து

அந்த விமானம் 356ஆம் படைப்பிரிவைச் சேர்ந்தது. 1944 ஜனவரியில் வங்காளத்தின் சால்பனியில் உருவான அந்தப் பிரிவு, 1945 ஜூலையில் இந்தியப் பெருங்கடலின் கொக்கோஸ் தீவுகளுக்கு மாற்றப்பட்டது. அங்கே தென்னந்தோப்பை வெட்டித் தள்ளி, துளையிட்ட எஃகுத் தகடுகளைப் பரப்பி ஓடுபாதை அமைத்திருந்தனர். அங்கிருந்து நெகிரி செம்பிலான் ஏறக்குறைய 1,800 கிலோமீட்டர். போக வர 3,600 கிலோமீட்டர். வழியெல்லாம் கடல்; அதைக் கடந்தால் சுமத்ராவின் மலைகள்; மலாக்கா நீரிணை; பிறகு மலாயாவின் மலைகள்.

இவ்வளவு தொலைவுக்கு ஏற்ற விமானம் அன்று லிபரேட்டர்தான். நான்கு இயந்திரங்கள், 33 மீட்டருக்கும் சற்றுக் கூடுதலான இறக்கை அகலம். அமெரிக்காவில் 18,000க்கும் அதிகமாகத் தயாரிக்கப்பட்ட விமானம் அது. விமானி, திசை காட்டுபவர், வானொலி இயக்குநர், துப்பாக்கி வீரர் என ஒவ்வொருவருக்கும் தனி வேலை. அந்தக் குழு நெடுநாள் ஒன்றாகப் பழகினால்தான் வேலை நடக்கும். தென்னிந்தியாவில் கோலார் தங்கவயல் பக்கத்து விமானத்தளத்திலும் லிபரேட்டர் குழுவினருக்குப் பயிற்சி நடந்தது.

மலையும் மேகமும்

பொருள் போடும் விமானம் உயரத்திலேயே பறந்து வேலையை முடிக்க முடியாது. குறித்த இடத்தில் பாராசூட் விழ வேண்டுமானால் சில நூறு அடி உயரத்துக்கு இறங்கி, வேகத்தைக் குறைத்து, பள்ளத்தாக்குக்குள் நுழைய வேண்டும். எதிரே மலைமுகடு வந்தால் கனத்த விமானத்தை உடனே மேலே தூக்கவோ திருப்பவோ இடமிருக்காது. மலாயாவின் நடுவே வடக்கிலிருந்து தெற்காக ஓடும் தித்திவாங்சா மலைத்தொடரில் குர்பு சிகரம் 2,183 மீட்டர் உயரம். நெகிரி செம்பிலானுக்கு வரும்போது தொடர் தாழ்ந்துவிட்டாலும், ஆயிரம் மீட்டரைத் தாண்டும் முகடுகள் அங்கும் உண்டு. காலையில் பள்ளத்தாக்கில் மூடுபனி; பிற்பகலில் இடிமேகம். அன்றைய வரைபடங்களில் உள்நாட்டு மலைகளின் உயரம் எல்லா இடத்திலும் சரியாகக் குறிக்கப்பட்டிருக்கவில்லை. தரையிலிருந்து வழிகாட்டும் ரேடாரும் கிடையாது.

இப்படிப்பட்ட பறத்தலில் ஆபத்து போர் முடிந்ததும் தீர்ந்துவிடவில்லை. 1950 ஆகஸ்ட் 25ஆம் நாள், மலாயா அவசரகாலத்தின்போது, கிளந்தான் காட்டுக்கு மேல் பணிக்குச் சென்ற கே.என்.630 என்ற டகோட்டா விமானம் விழுந்து, அதிலிருந்த 12 பேரும் இறந்தனர். 2008இல் மலேசிய ராணுவத்தின் உதவியோடு மீட்கப்பட்ட அவர்களின் எச்சங்களும் செராஸ் சாலையில்தான் அடக்கமாயின.

காடு விழுங்கியதும் விட்டதும்

மலேசியக் காட்டில் விழுந்த விமானத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிதல்ல. நாற்பது, ஐம்பது மீட்டர் உயர மரங்களின் கிளைகள் ஒன்றோடொன்று பின்னி வானத்தை மறைக்கின்றன. விமானம் விழுந்த கிழிசல் சில ஆண்டுகளிலேயே கொடிகளால் மூடிக்கொள்ளும். இலைச்சருகு மக்கிய மண் புளிப்பேறியது; அது எலும்பை மெல்லக் கரைத்துவிடும். அலுமினியத் தகட்டைப் பழைய இரும்புக் கடைக்கு விற்கக் கழற்றிச் செல்வதும் உண்டு. ஆகவே சிதைவை முதலில் அறிபவர் பெரும்பாலும் காட்டிலேயே வாழும் ஓராங் அஸ்லி பழங்குடியினரும் பக்கத்துக் கிராம மக்களும்தான். கே.எல்.654 கிடந்த இடமும் 1990களில் அப்பகுதி மக்கள் வழியாகவே வெளியே தெரிந்தது. பழைய போர் விமானங்களைத் தேடி ஆவணப்படுத்தும் மலேசிய வரலாற்றுக் குழு என்ற ஆர்வலர் அமைப்பு அதை ஆராய்ந்தது. 2009இல் உடல் எச்சங்கள் மீட்கப்பட்டன.

உருக்குலைந்த தகரக் குவியலுக்குப் பெயர் கொடுப்பது எண்கள். விமானத்தின் ஒவ்வொரு முக்கிய உறுப்பிலும் தயாரிப்பாளர் பொறித்த தகடு உண்டு. இயந்திரத்துக்குத் தனி எண், துப்பாக்கிக்குத் தனி எண். இவற்றில் ஒன்று கிடைத்தாலும் எந்த விமானம் என்று தேடத் தொடங்கலாம். விமானம் தெரிந்தால் படைப்பிரிவு தெரியும். அதற்குமேல் வேண்டியது ஒரு பதிவேடு. அரச விமானப்படையின் ஒவ்வொரு பிரிவும் நாள்தோறும் செயற்பாட்டுப் பதிவேடு எழுதியது. எந்த எண் விமானம், எத்தனை மணிக்குப் புறப்பட்டது, என்ன வேலை, உள்ளே யார் யார் என்பதெல்லாம் விமானம் திரும்பி வந்தாலும் வராவிட்டாலும் அதில் இருக்கும். கொக்கோஸ் தீவில் யாரோ ஓர் எழுத்தர் வழக்கம்போலத் தட்டச்சு செய்த சில வரிகள்தாம், 67 ஆண்டுக்குப் பின் எட்டுப் பேரைப் பெயர் சொல்லி அடக்கம் செய்யத் துணையாக நின்றன.

எங்கே புதைப்பது

உலகப் போர்களில் இறந்தவர்களைத் தாய்நாட்டுக்குக் கொண்டுபோவதில்லை என்பது பிரிட்டனின் நடைமுறை. இறந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, தோழர்களோடு சேர்த்துப் புதைக்கிறார்கள். 1917இல் தொடங்கிய காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பதவி, இனம், மதம் பாராமல் ஒரே அளவுக் கல் என்ற விதியோடு ஏறக்குறைய 17 லட்சம் பேரின் நினைவைக் காத்துவருகிறது. லிபரேட்டர் குழுவினரின் உறவினர்கள் பிரிட்டனிலிருந்து கோலாலம்பூருக்கு வந்து சடங்கில் கலந்துகொண்டதற்குக் காரணம் இதுதான்.

அமெரிக்காவின் வழக்கம் வேறு. பேராக் காட்டில் 1945 நவம்பர் 27ஆம் நாள் விழுந்த ஒரு சி-47 விமானத்தில் இருந்த மூன்று அமெரிக்கர்களின் எச்சங்கள் 2015 ஆகஸ்டில் மீட்கப்பட்டு, சுபாங் விமானப்படைத் தளத்திலிருந்து மரியாதையோடு அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டன.

எண்ணிக்கையில் சேர்ப்பவர்கள்

போர் முடிந்த எட்டாம் நாள், எதிரி சுடாமல் மலையில் மோதி இறந்தவர்களும் போரில் இறந்தவர்கள்தாமா? ஆணையத்தின் விதி இதற்குத் தெளிவாக விடை தருகிறது. 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை பணியில் இருந்தபோது இறந்த படையினர் அனைவரும் கணக்கில் வருவர். குண்டடி, விபத்து, காய்ச்சல், பயிற்சிப் பறத்தல் எல்லாம் ஒன்றே. இந்த விதி இல்லாவிட்டால் பெரும் கூட்டமொன்று விடுபட்டுப் போயிருக்கும். பிரிட்டனின் குண்டுவீச்சு விமானப்படையில் இறந்த 55,573 பேரில் 8,000க்கும் மேற்பட்டவர்கள் பயிற்சியிலும் விபத்துகளிலும் இறந்தவர்கள். எதிரி நாட்டைக் கண்ணால் காணாமலே போனவர்கள் அவர்களுள் பலர்.

உடலே கிடைக்காதவர்களுக்கும் இடமுண்டு. சிங்கப்பூர் கிராஞ்சியில் 1957 மார்ச் 2ஆம் நாள் திறக்கப்பட்ட நினைவிடத்தின் சுவர்களில், கல்லறை இல்லாத 24,000க்கும் அதிகமானோரின் பெயர்கள் செதுக்கப்பட்டுள்ளன. தெற்கு, கிழக்கு ஆசியா முழுவதிலும் காணாமற்போன விமானப்படையினரின் பெயர்கள் அங்கேதான். 

அதே போரில் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் 415 கிலோமீட்டர் நீளச் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டனர். காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறக்குறைய 7,000 பேருக்கு வரிசை வரிசையாகக் கல்லறைகள் உண்டு. அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இறந்த ஆசியத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல் இல்லை. அவர்களை ரயிலேற்றியவர்கள் தலைகளை எண்ணினார்கள். ஒவ்வொருவரும் யார், எந்த ஊர் என்று பின்னால் தேடுவோர் கையில் சிக்கும்படி எழுதி வைக்கவில்லை. கே.எல்.654இன் எட்டுப் பேருக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு, புறப்பட்ட அன்று எழுதப்பட்ட ஒரு பக்கம்தான்.