ஒயின் மெனுவைப் பார்த்து முழிக்கிறீங்களா? பர்ஸைக் காப்பாத்த 4 வழிகள்!

கீரமங்கலம் பூ மார்க்கெட்ல மல்லிகை என்ன விலைன்னு கேட்க நாம கூச்சப்படுவோமா? ஆனா, அதே ஊர்லேருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போய், டீம் டின்னர்ல ஒயின் மெனு கைக்கு வந்ததும் வாயடைச்சுப் போறோம். புரியாத பேர்ல விரலை வெச்சா, பில் வரும்போதுதான் வலிக்கும்.

1. கணக்கு போடுங்க: ஒரு பாட்டில் 750 மி.லி. கிளாஸுக்கு 150 மி.லி-ன்னா 5 கிளாஸ். பாட்டில் விலையை 5-ஆல் வகுத்து, கிளாஸ் விலையோட ஒப்பிடுங்க. ஒருத்தர் மட்டும் குடிக்கிறதா இருந்தா கிளாஸே போதும்.

2. உள்ளூர்ப் பக்கம் பாருங்க: வெளிநாட்டு ஒயின்ல சுங்க வரியும் சேர்ந்திருக்கும். நாசிக்கின் சூலா, நந்தி மலைப் பக்கத்து குரோவர் ஸாம்பா மாதிரி இந்திய ஒயின்கள்ல அந்தச் சுமை இல்லை.

3. சாப்பாட்டைப் பாருங்க: திராட்சைத் தோல், விதையிலிருந்து வர்ற டானின்தான் ரெட் ஒயினின் துவர்ப்புக்குக் காரணம். கேபர்நே சாவிஞான்ல அது தூக்கலா இருக்கும். காரமான உணவோட குடிச்சா எரிச்சல் கூடும். காரத்துக்குத் துவர்ப்பு குறைவானதே நல்லது.

4. வாய்விட்டுக் கேளுங்க: மெனுவுல உங்களுக்குக் கட்டுப்படியாகுற விலையைத் தொட்டுக் காட்டி, “இந்த ரேஞ்சுல துவர்ப்பு கம்மியா என்ன இருக்கு? வரி சேர்த்தா எவ்வளவு?”ன்னு கேளுங்க. மதுவுக்கு ஜி.எஸ்.டி கிடையாது, மாநில வரிதான்.

குடிக்கப் பிடிக்கலையா? “எனக்கு லைம் சோடா”ன்னு சொல்லவும் கூச்சம் வேண்டாம். மது உடல்நலத்துக்குக் கேடுதான். குடிச்சா வண்டிச் சாவியைத் தொடாதீங்க!