நாய்க்குத் தளர்வு அறிவித்தது யார்?

2021 ஜூன் 7-ஆம் தேதி தமிழ்நாட்டில் கொரோனா ஊரடங்கு அவிழத் தொடங்கியபோது, 27 மாவட்டங்களுக்குக் கூடுதல் தளர்வு, கோவை, ஈரோடு, சேலம், தஞ்சாவூர் உள்ளிட்ட 11 மாவட்டங்களுக்குக் குறைந்த தளர்வு என்று பிரித்துத்தான் தொடங்கியது. 27 மாவட்டங்களிலும் டீக்கடைகள் ஜூன் 14-இல் திறந்தாலும் பார்சல் மட்டுமே. உட்கார்ந்து குடிக்க ஜூலை 5 வரை பொறுக்க வேண்டியிருந்தது. பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி செப்டம்பர் 1-இல் திறந்தது; ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு நவம்பர் 1-இல். ஆக, ஊர் பழைய நடைக்குத் திரும்ப ஏறத்தாழ ஐந்து மாதம் எடுத்துக்கொண்டது. மனிதர்களுக்கே திடீர் மாற்றம் தாங்காது என்று தெரிந்துதான் இந்தப் படிக்கட்டு. ஆனால், நாய் வளர்க்கும் வீடுகள் பலவற்றில் படிக்கட்டு எதுவும் இல்லை. முதல் ஊரடங்கு தொடங்கி 19 மாதத்துக்கும் மேலாக எந்நேரமும் ஆள் புழங்கிய வீடு, அந்த நவம்பர் மாதத் திங்கட்கிழமை காலை சட்டென்று காலியானது. பிள்ளைகள் வேனில் ஏறினார்கள், பெரியவர்கள் வேலைக்குப் போனார்கள், கதவு பூட்டப்பட்டது, உள்ளே நாய். போதாக்குறைக்கு அந்த வாரம் வியாழக்கிழமை தீபாவளி வேறு.

“அந்தக் காலத்தில் எங்கள் ஊர் நாய்களுக்கு இந்த வியாதியெல்லாம் கிடையாது, நாய் என்றால் தானாகப் பழகிக்கொள்ளும்” என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி சரி. அந்த நாய்கள் தனிமையைத் தாங்கியதால் அல்ல, தனிமையே அவற்றுக்கு வாய்க்காததால்தான் அப்படி இருந்தன. சின்ன ஊரின் நாய் வீட்டுக்குப் பாதி, தெருவுக்குப் பாதி. விடிந்ததும் டீக்கடை வாசலில் யாராவது போடும் பொறை, பத்து மணிக்குக் கறிக்கடைப் பக்கம், மதியம் திண்ணையோரம் தூக்கம், இரவில் தெருக்காவல். வீட்டார் கிளம்பினாலும் அதற்குத் தெரு இருந்தது. தெரு காலியானாலும் வீட்டில் ஒரு பாட்டியாவது இருந்தார். ஊரடங்கில் வாங்கப்பட்ட குட்டியின் கதை வேறு. அது காம்பவுண்டு சுவருக்குள், எப்போதும் நான்கு பேர் நடுவே வளர்ந்தது. பிறந்து மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரையிலான பருவத்தில்தான் குட்டி உலகத்தைப் பழகுகிறது. புது முகம், வண்டிச் சத்தம், பிற நாய்கள் எல்லாம் அப்போது அறிமுகமானால் பின்னால் அச்சம் குறைவு. விருந்தாளியே வராத வீட்டில் அந்த வாரங்கள் கழிந்துபோயின. பிறகு ஒன்றரை வயதில் முதல்முறையாகக் கூரியர்காரரைப் பார்க்கும் நாய் துள்ளிப் பாய்ந்தால், அதைத் திமிர் என்று சொல்ல முடியாது.

வீட்டுக்குள் நடப்பதையும் பெரும்பாலும் தவறாகவே படிக்கிறோம். மாலையில் வந்து பார்த்தால் கதவின் அடிப்பகுதி பிறாண்டப்பட்டிருக்கும், நிலைப்படி ஓரம் ஈரமாக இருக்கும், பக்கத்து வீட்டுக்காரர் குரைப்புச் சத்தம் பற்றிக் குறைபட்டுக்கொள்வார். “விட்டுவிட்டுப் போனதற்குப் பழிவாங்குகிறது” என்பது வழக்கமான தீர்ப்பு. பழிவாங்கும் எண்ணமிருந்தால் சேதம் கதவோரமே ஏன் குவிய வேண்டும்? வீட்டார் போன வழியிலேயே, பெரும்பாலும் போன முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே இது நடக்கிறது. இது பதற்றத்தின் அடையாளம். திட்டும்போது தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறதே, அது குற்றவுணர்ச்சி இல்லையா? நியூயார்க்கின் பார்னார்ட் கல்லூரியைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் இதைச் சோதித்தார். தப்பே செய்யாத நாயும் உரிமையாளர் கடிந்தால் அதே முகத்தைக் காட்டியது. நாய் எதிர்வினை காட்டுவது நம் குரலுக்கு. காலையில் செய்த காரியம் அந்தக் கணக்கிலேயே வருவதில்லை. ஆகவே மாலையில் விழும் அடி, பிரிவின் பயத்தோடு வரவின் பயத்தையும் சேர்த்துவிடுகிறது.

தீர்வுக்கு ஸ்வீடனில் 2011-இல் வெளியான ஓர் ஆய்வு நல்ல துப்பு தருகிறது. தெரேஸ் ரேன், லிண்டா கீலிங் இருவரும் 12 நாய்களை அரை மணி, இரண்டு மணி, நான்கு மணி நேரம் தனியே விட்டுப் பார்த்தார்கள். அரை மணியில் திரும்பிய ஆளைவிட இரண்டு மணி கழித்து வந்தவரை நாய்கள் அதிக ஆர்ப்பாட்டத்துடன் வரவேற்றன. இரண்டுக்கும் நான்குக்கும் அவ்வளவு வித்தியாசம் தெரியவில்லை. நாயின் கணக்கில் சிறிய இடைவெளிக்கும் நீண்ட இடைவெளிக்கும் வேறுபாடு உண்டு என்றால், சிறியதிலிருந்து தொடங்கலாம் என்பது இயல்பான முடிவு. சாவியை எடுத்து, எங்கேயும் போகாமல் மறுபடி உட்காருவது. வெளியே போய் ஐந்து நிமிடத்தில் திரும்புவது. பதற்றம் தெரியாவிட்டால் மட்டும் நேரத்தைக் கூட்டுவது. இதற்குப் பெயர் என்னவாக இருந்தாலும், அரசு ஊருக்குச் செய்த தளர்வும் இதே முறைதான்.

வேலையையும் உற்றாரையும் இழந்தவர்கள் இருக்கும் ஊரில் நாயின் மனக்கவலை பற்றிப் பேசுவது கொழுப்பு என்று யாராவது கோபப்பட்டால், அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் கணக்கை முழுதாகப் பார்க்க வேண்டும். சமாளிக்க முடியாத நாயைப் பலர் ஊர் எல்லையில் இறக்கிவிடுகிறார்கள். தடுப்பூசி போடாத, கருத்தடை செய்யாத, தெருவில் வாழத் தெரியாத நாய் அது. வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் ஏறக்குறைய யாரும் உயிர் பிழைப்பதே இல்லை. வெறிநோய் இருக்கக்கூடும் என்று சந்தேகிக்கப்படும் விலங்குகளிடம் கடிபடுவோரில் 40 சதவீதம் பேர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம்தான். ஆனால் கடிபட்ட அன்று, 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என்று நான்கு தடவை கூலிவேலையை விட்டுப் போக வேண்டியவருக்கு அது இலவசமா? ஆக, நாயைக் கைவிடுவது தீர்வல்ல; துணைக்கு இன்னொரு நாய் வாங்குவதும் பயன்படாது. ஏங்குவது மனிதர்களுக்காக என்றால், ஏங்கும் நாய் இரண்டாகலாம், அவ்வளவே.

படிப்படியாகப் பழக்குவதற்கெல்லாம் யாருக்கு நேரம் என்பதுதான் மிச்சமுள்ள கேள்வி. சின்ன ஊரில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு: எல்லாமே நடைதூரம். தெருமுனைக் கடையில் ஒரு டீ குடித்துவிட்டு வரப் பதினைந்து நிமிடம், சந்தைக்குப் போய்வர முக்கால் மணி, கோயிலில் கூட்டமிருந்தால் ஒன்றரை மணி. பாதிப் படிகள் இதிலேயே வந்துவிடுகின்றன. கிளம்பும்போது கொஞ்சல் வேண்டாம். திரும்பியதும் முதலில் செருப்பைக் கழற்றிவிட்டு, நாய் அடங்கிய பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும். டீக்கடை பெஞ்சில் இப்போது உட்காரவும் விடுகிறார்கள்.