டச்சுக்காரர் ‘ஸ்லிம்’ என்றால் ஒல்லி என்று அர்த்தமில்லை!

ஐந்தோவன், ஆம்ஸ்டல்வேன்... நெதர்லாந்தின் இந்த ஊர்ப் பெயர்கள் இப்போது நம் வீடுகளிலும் அடிபடுகின்றன. மகனோ மகளோ அங்கே வேலையில் இருப்பார்கள். பேரன் பேத்தி பிறக்கும் நேரத்தில் ஒத்தாசைக்கு அம்மா கிளம்புவார். “அங்கே எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியும்மா, கவலையே வேண்டாம்” என்று தைரியம் சொல்லி விமானம் ஏற்றுவார்கள்.

அது நிஜம்தான். ஆனால், டச்சு மொழி ஆங்கிலத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரி. முகச்சாயல் அப்படியே இருக்கும், குணம் வேறு. ‘வாட்டர்’ என்றால் தண்ணீர், ‘ஆப்பல்’ என்றால் ஆப்பிள் என்று பழகிய தைரியத்தில் எல்லாவற்றையும் ஆங்கிலமாகவே நினைத்தால் மாட்டிக்கொள்வோம்.

உங்கள் மகளைப் பார்த்து பக்கத்து வீட்டுக்காரர் ‘ஸ்லிம்’ என்கிறார். உடம்பைப் பற்றிச் சொல்லவில்லை, கெட்டிக்காரி என்கிறார். பேரனை ‘ப்ரூட்டால்’ என்றால் பதற வேண்டாம், வாய்த்துடுக்கு ஜாஸ்தி என்று அர்த்தம். கடையில் ‘மெல்க்’ என்பது பால். அதையொட்டி ‘கார்னமெல்க்’ என்று இன்னொரு பாக்கெட் இருக்கும். அதுவும் பால்தான் என்று வாங்கிவந்து காபியில் ஊற்றிவிடாதீர்கள். அது மோர். பெருங்காயமும் கறிவேப்பிலையும் கையில் இருந்தால் வேறு விஷயம்!

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். ஆஸ்பத்திரி வாசலில் நடந்தால் சிரிக்க முடியாது.

‘ஹால்ஃப் ட்ரீ’ என்று நேரம் கொடுப்பார்கள். ‘ட்ரீ’ என்றால் மூன்று. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘ஹாஃப் த்ரீ’ என்பது மூன்றரை. நம் கணக்கும் அதுதான். டச்சுக்காரர்களுக்கோ அது மூன்றை நோக்கிப் பாதி வழி. அதாவது 2.30. நீங்கள் பத்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்ட திருப்தியோடு போய் நிற்பீர்கள். டாக்டர் அடுத்தடுத்த ஆளைப் பார்த்துக்கொண்டிருப்பார். எண்களும் இப்படித்தான். 45 என்பதை ‘ஐந்தும் நாற்பதும்’ என்றே சொல்வார்கள். காதில் விழுந்த வரிசையில் எழுதினால் 54. போன் நம்பரோ மருந்தின் அளவோ, எழுதிக் காட்டச் சொல்லி வாங்கிக்கொள்வதுதான் நல்லது.

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும்விட ஆபத்தானது ‘எவென்டுவேல்’ என்ற சொல். ஆங்கிலத்தில் ‘எவென்ச்சுவலி’ என்றால் கடைசியில், முடிவாக. டச்சில் அதற்குப் பொருள் ‘ஒருவேளை, தேவைப்பட்டால்’. பிரசவத்துக்கு நாள் குறித்திருக்கும் பெண்ணின் தாளில் ‘எவென்டுவேல் கைசர்ஸ்னேட’ என்று எழுதியிருந்தால், தேவைப்பட்டால் சிசேரியன் என்று அர்த்தம். ஆங்கிலக் கண்ணோடு படித்தால் எப்படியும் சிசேரியன்தான் என்றாகிவிடும். ஒரு குடும்பமே ராத்திரி தூங்காமல் கிடக்க இது போதாதா? இதில் இன்னொரு கூத்தும் உண்டு. டச்சுக்காரர்கள் ஆங்கிலத்தில் பேசும்போதும் சில சமயம் இதே அர்த்தத்தில் ‘எவென்ச்சுவலி’ என்று சொல்லிவிடுவார்கள். அதனால் ஆங்கிலம் தெரிந்த டாக்டரிடமும், “நிச்சயமாகவா, தேவைப்பட்டாலா?” என்று இன்னொரு தடவை கேட்டுவிடுங்கள்.

‘பெனௌட்’ என்றும் ஒரு சொல் உண்டு. வெயில் நாளில் சொன்னால் புழுக்கம். நோயாளி சொன்னால் மூச்சு முட்டுகிறது என்று பொருள். அகராதியில் முதலில் கண்ணில் படும் ஆங்கிலச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைத் திறக்கப் போகக்கூடாது. அவசர உதவிக்கு அங்கே எண் 112.

குழந்தை பிறந்தபின் ‘க்ராம்ஸோர்ஹ்’ என்று ஓர் ஏற்பாடு. பயிற்சி பெற்ற பெண் ஒருவர் ஏறக்குறைய எட்டு நாள் தினமும் வீட்டுக்கே வந்து தாயையும் சேயையும் கவனித்துக்கொள்வார். ஆங்கிலத்தில் ‘மெட்டர்னிட்டி கேர்’ என்று எழுதினால் இந்த வீட்டுக்கு வரும் கை விட்டுப்போகிறது. குழந்தையைப் பார்க்க வருகிறவர்களுக்கு ரஸ்க்கில் வெண்ணெய் தடவி ‘மவுஷஸ்’ தூவிக் கொடுப்பார்கள். சொல்லுக்கு நேர்ப்பொருள் குட்டி எலிகள்! பயப்படாதீர்கள், சர்க்கரைப் பூச்சு பூசிய சோம்பு வகை விதைகள்தான். தாய்ப்பால் ஊறும் என்ற பழைய நம்பிக்கையும் அதில் உண்டு.

உடம்புக்கு முடியாதவர்களிடமும் கஷ்டத்தில் இருப்பவர்களிடமும் ‘ஸ்டெர்க்த’ என்பார்கள். நேர்ப்பொருள் வலிமை. ‘குட் லக்’ என்று ஆங்கிலத்தில் மாற்றினால் அபத்தம். ‘மனசைத் திடமா வெச்சுக்கோ’ என்று நாம் சொல்வதுதான் கிட்டத்தட்டப் பொருந்துகிறது.

பழமொழிகளில் இந்த நெருக்கம் இன்னும் அதிகம். வீண்வேலைக்கு ஆங்கிலேயர் நியூகாசலுக்கு நிலக்கரி சுமப்பார்கள். டச்சுக்காரர் கடலுக்குத் தண்ணீர் சுமப்பார்கள். நாம் கொல்லன் தெருவில் ஊசி விற்போம். காலம் கடந்து வரும் உதவி, அவர்களுக்குச் சாப்பாடு முடிந்தபின் வரும் கடுகு. ரகசியம் வெளிப்பட்டால் சட்டைக் கையிலிருந்து குரங்கு வெளியே வரும். நாம் சொல்லும் பூனைக்குட்டி ஆங்கிலத்திலிருந்து வந்ததுதானே, குரங்கையே எடுத்திருக்கலாம்!

ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் 1652-க்கும் 1674-க்கும் இடையே மூன்று முறை கடலில் போரிட்டவர்கள். குடித்துவிட்டு வரும் வீரத்தை ஆங்கிலத்தில் ‘டச்சு தைரியம்’ என்று கிண்டலடிப்பது அந்தப் பகையின் மிச்சம். ஆனாலும் பாஸ், குக்கி, கோல்ஸ்லா எல்லாம் டச்சிலிருந்து ஆங்கிலம் எடுத்துக்கொண்டவை. ஓவியர் பலகையைத் தாங்கும் ‘ஈசல்’ கூட டச்சில் கழுதைதான். சுமக்கிறதே!

நாமும் சும்மா இருக்கவில்லை. டச்சுக்காரர் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் வியாபாரம் செய்தார்கள். யாழ்ப்பாணத்தை 1658 முதல் 1795 வரை ஆண்டார்கள். இலங்கைத் தமிழில் அலுவலகத்தைக் குறிக்கும் ‘கந்தோர்’, அவர்களுடைய ‘கன்டோர்’. ‘டௌட்’ என்ற செப்புக்காசு நமக்குத் ‘துட்டு’ ஆனது. ‘கக்ஹவுஸ்’ என்பது ‘கக்கூஸ்’ ஆனது.

ஆம்ஸ்டர்டாமில் அவசரம் என்றால் அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் பயன்படுத்திவிடாதீர்கள், அங்கே அது கொச்சை. ‘ட்வாலெட்’ எங்கே என்று கேளுங்கள். பல ரயில் நிலையங்களில் உள்ளே போகத் துட்டு கேட்பார்கள். அதையும் கார்டில்தான் கட்ட வேண்டியிருக்கும்.