பாவ வெள்ளமா, பெருவெள்ளமா?

சொல்லுக்குப் பொருள் கூறுதல் எளிது. அப்பொருள் அச்சொல்லுக்கு வந்த வழியைக் கூறுதல் அரிது. இவ்வுண்மையை எனக்கு நன்கு உணர்த்தியது ஜேர்மானியத் தொடர்மொழி ஒன்றாகும்.

விவிலியத்தின் ஆதியாகமம் நோவா காலத்துப் பெருவெள்ளத்தைக் கூறுகின்றது. அவ்வெள்ளத்தை ஜேர்மானியர் 'சின்ற்புளூற்' என்பர். 'புளூற்' என்பது வெள்ளம். அம்மொழியிற் பாவத்துக்குப் பெயர் 'சுண்டே'. ஆதலின், 'பாவத்தால் வந்த வெள்ளம்' என இத்தொடர் விரியும் என்று ஒருமுறை வகுப்பிலே கூறினேன். மாந்தர் செய்த தீமையே அவ்வெள்ளத்துக்குக் காரணமென நூலும் கூறுதலின், விளக்கம் மிகப் பொருந்திற்று. மாணவரும் மகிழ்ந்தனர். சில நாட்களின் பின் சொற்பிறப்பகராதியைப் புரட்டியபோதுதான் என் பிழையைக் கண்டேன்.

பழைய உயர் ஜேர்மானியத்தில் இச்சொல்லின் வடிவம் 'சின்புளுவொற்' என்பது. அங்கே 'சின்' என்னும் முன்னொட்டு 'என்றும், எங்கும், மிகப் பெரிய' என்னும் பொருள்களைத் தரும். எனவே, 'எங்கும் பரந்த பெருவெள்ளம்' என்பதே முதற்பொருள். பாவத்துக்கு அங்கே இடமில்லை. நித்தியகல்யாணியின் குடும்பத்தைச் சேர்ந்த படர்செடியொன்றுக்கு 'சின்குறூன்' என்று பெயருண்டு. 'என்றும் பசுமையானது' என்பது அதன் பொருள். 'சின்' என்பதன் இயல்புக்கு இதுவும் சான்றாகும்.

காலப்போக்கில் இரு மெய்களுக்கிடையே ஓர் ஒலி தோன்றிச் 'சின்ற்' என்றாயிற்று. முன்னொட்டின் பொருளும் வழக்கிறந்தது. பொருள் விளங்காத சொல்லை மக்கள் வாளா விடுவதில்லை. தாம் அறிந்த சொல்லொன்றை அதன் இடத்தில் அமர்த்துவர். அவ்வாறு பிறந்ததே 'சுண்ட்புளூற்' என்னும் வடிவம். இரு வடிவங்களும் நெடுங்காலம் வழங்கின. இன்று செம்மை வழக்கென அகராதிகள் கொள்வது 'சின்ற்புளூற்' என்பதனையே.

அகழெலியின் பெயரும் இத்தகையதே. அது முதலிற் 'குவியலை எறிவது' எனப் பொருள்பட்டது. பின்னர் 'மண்ணை எறிவது' என்றாயிற்று. ஈற்றில் 'வாயால் எறிவது' எனத் தோன்றும் 'மவுல்வுர்ப்' ஆயிற்று. அவ்வுயிர் மண்ணைத் தள்ளுவதோ முன்னங்கால்களால்!

இத்தகைய திரிபுக்கு 1852ஆம் ஆண்டில் 'மக்கட் சொற்பிறப்பு' எனப் பொருள்படும் பெயரிட்டவர் எர்ன்ஸ்ற் பெர்ஸ்ரெமான் என்னும் ஜேர்மானிய அறிஞர். அப்பெயரும் ஒரு தொடர்மொழியே.

மறுநாள் வகுப்பில் என் பிழையை ஒப்புக்கொண்டேன். மாணவனொருவன் எழுந்து, "ஐயா, அப்படியாயின் மக்கள் கொண்ட பொருள் பொய்யா?" என்று வினவினான். "பொய்யன்று, தம்பி. அது மக்கள் உள்ளத்தின் வரலாறு; மற்றையது சொல்லின் வரலாறு. இரண்டும் வேண்டியனவே. ஒன்றை மற்றொன்றென்று சொன்னதே என் பிழை" என்றேன்.

பொருந்துவதெல்லாம் உண்மையாகாது. மிக அழகாகப் பொருந்தும் விளக்கத்தையே ஆசிரியர் முதலில் ஐயுறல் வேண்டும்.