பிளாரென்ஸில் ஒரு பகல்

ரோமாபுரியிலிருந்து துரித ரயிலில் ஒன்றரை மணி நேரத்தில் வந்து சேரக்கூடிய பிளாரென்ஸ் நகரத்தை ஒரே பகலில் முழுவதும் பார்த்துவிடலாம் என்று நாங்கள் போட்டிருந்த திட்டம், ரயில் நிலையத்தை விட்டு வெளிப்பட்ட பத்தாவது நிமிஷத்தில், ஒரு குறுகிய தெருவின் கோடியில் தேவாலயத்தின் செந்நிறக் குவிமாடம் எதிர்ப்பட்ட மாத்திரத்திலேயே குலைந்துபோயிற்று. நானும் மனைவியும், இரண்டு பிள்ளைகளும், எங்களோடு புறப்பட்ட நண்பர் தம்பதிகளும், அறுபத்தெட்டு வயதிலும் எங்கள் எல்லோருக்கும் முன்னால் நடக்கிற என் அத்தையுமாக எழுவர். எழுவரும் வாய் திறவாமல் நின்றது அன்றைக்கு அந்த ஒரு தடவைதான்.

'மலர் மாதா' என்று பொருள்படும் சாந்தா மரியா தெல் ஃபியோரே என்பது அத்தேவாலயத்தின் திருநாமம். 1296-இல் அர்னால்ஃபோ தி காம்பியோ என்ற சிற்பி தொடங்கிய அக்கட்டடம், நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும், பலிபீடத்துக்கு நேர் மேலே ஏறத்தாழ 45 மீட்டர் அகலமுள்ள எண்கோணத் திறப்போடு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. வளைவு கட்டுகிறவர்கள் முதலில் கீழே மரத்தால் தாங்குசாரம் அமைத்து, அதன்மேல் செங்கல்லைப் பதித்து, சாந்து இறுகிய பிறகு சாரத்தைப் பிரிப்பதே வழக்கம். இவ்வளவு பெரிய அகலத்துக்கும் உயரத்துக்கும் சாரம் கட்ட மரத்துக்கு எங்கே போவது? அந்தச் சாரமே வேண்டாம் என்று சொன்னவர் ஃபிலிப்போ புரூனெல்லெஸ்கி. பொற்கொல்லராகத் தொழில் பயின்ற அம்மனிதர் 1420-இல் வேலையைத் தொடங்கி, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஓடுகள் போல இரட்டைக் குவிமாடத்தை எழுப்பினார். படுக்கையாக அடுக்கிய கற்களுக்கு இடையிடையே சில கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மீன்முள்ளைப் போன்ற வரிசையில் பூட்டியதனால், சாந்து காய்வதற்கு முன்பும் கல் சரியவில்லை. ஒவ்வொரு சுற்றும் தன்னைத் தானே தாங்கிக்கொண்டு அடுத்த சுற்றுக்கு ஆதாரமாயிற்று. பாரத்தை ஏற்றுவதற்கு அவர் செய்த இயந்திரத்தில், மாடுகளைத் திருப்பிக் கட்டாமலே, ஒரு பல்சக்கரத்தை மாற்றிப் பூட்டுவதால் ஏற்றவும் இறக்கவும் முடிந்ததாம். இதைத் தெரிந்துகொண்டபோது குவிமாடத்தைக் காட்டிலும் அந்த மாடுகளின் மீதே என் மனம் அதிகமாகச் சென்றது. 1436-இல் தேவாலயத்துக்குப் பிரதிஷ்டை நடந்தது.

இரண்டு ஓடுகளுக்கும் இடையிலுள்ள சந்துதான் மேலே போகும் வழி. படிகள் 463, மின்தூக்கி கிடையாது, நேரம் குறித்து முன்கூட்டியே சீட்டு வாங்கவேண்டும். பிள்ளைகள் எண்ணிக்கொண்டே ஏறினார்கள். மூத்தவன் கணக்கில் 459, இளையவள் கணக்கில் 471. நண்பர் கணக்கு வைத்துக்கொள்ளும் நிலையில் இல்லை.

நாங்கள் இறங்கி வருவதற்குள், கீழேயே தங்கிவிட்ட அத்தை ஓர் அதிசயத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். தேவாலயத்தின் பின்புறத்தில், தரையில் பதித்த ஒரு வெண்சலவைக்கல் வட்டம். குவிமாடத்தின் சிகரத்திலிருந்த பொன்முலாம் பூசிய உருண்டை, பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடி விழுந்து உருண்டுவந்து விழுந்த இடம் அது.

மத்தியானத்தில் 'ரிபொல்லீத்தா' என்ற சூப்பு சாப்பிட்டோம். பழைய ரொட்டியும் மொச்சை போன்ற வெள்ளைப் பயறும் கீரையும் சேர்ந்த அதன் பெயருக்கு 'மறுபடி கொதிக்கவைத்தது' என்று அர்த்தம் என அறிந்ததும், நம் வீட்டுச் சுண்டக் குழம்பின் தூரத்து உறவு என்று அத்தை அதைக் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டார். இப்பிரதேசத்து ரொட்டியில் உப்பே போடுவதில்லை என்பதைத்தான் அவரால் மன்னிக்க முடியவில்லை. காப்பியை உட்கார்ந்து குடித்தால் ஒரு விலை, நின்று குடித்தால் குறைந்த விலை என்பதையும் அங்கேதான் பணம் கொடுத்துக் கற்றோம்.

உஃபீத்ஸி சித்திரசாலையை இரண்டு மணி நேரத்தில் பார்த்தோம் என்று சொல்வது, பார்க்கவில்லை என்று சொல்வதற்குச் சமானம். 1560-இல் அரசாங்க அலுவலகங்களுக்காகத் தொடங்கிய கட்டடம் அது. பெயருக்கும் 'அலுவலகங்கள்' என்பதே பொருள். வட்டிக்கடையில் தொடங்கி அரச பீடத்தில் அமர்ந்த மெதிச்சி வம்சத்தார் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த சித்திரங்களும் சிலைகளும் இன்றுவரை சிதறாமல் இந்நகரத்திலேயே இருப்பதற்குக் காரணம் ஒரு பெண்மணி. 1737-இல் ஆண் வாரிசு அற்றுப்போய், ராஜ்யம் லொரெய்ன் வம்சத்தாருக்குப் போனபோது, கடைசி வாரிசான அன்னா மரியா லூயிசா, குடும்பத்தின் கலைச் செல்வம் முழுவதையும் புது வம்சத்துக்கு ஒப்புவித்து, அதில் ஒன்றையும் நகரத்தைவிட்டு அகற்றலாகாது என்று உடன்படிக்கை எழுதி வாங்கினாள். நான் இதைச் சொல்லி முடித்ததும் அத்தை கேட்டார்: "ஏண்டா, அவளுக்குப் பிள்ளைகுட்டி உண்டா?" இல்லை என்றேன். "அதனால்தான் ஊரையே பிள்ளையாக நினைத்திருக்கிறாள்" என்று சொல்லிவிட்டு எழுந்து நடந்தார். நான் வாசித்த வழிகாட்டிப் புத்தகங்கள் எதிலும் இவ்வளவு சுருக்கமான விளக்கம் இல்லை.

1345-இல் கட்டிய பழைய பாலத்தில் இரு மருங்கிலும் நகைக்கடைகள். முன்பு இறைச்சிக் கடைகள் இருந்த இடம்; நாற்றம் பொறாமல் 1593-இல் மெதிச்சி வம்சத்து முதலாம் ஃபெர்தினாந்தோ கசாப்புக்காரர்களை அகற்றிப் பொற்கொல்லர்களைக் குடிவைத்தார். 1944-இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படை நகரத்துப் பாலங்களில் இது ஒன்றைத்தான் தகர்க்காமல் விட்டுப்போயிற்று. பெண்டிர் கடைகளைப் பார்த்தார்கள். நானும் நண்பரும் ஆர்னோ ஆற்றைப் பார்ப்பதாகப் பாவனை செய்தோம்.

பொழுது சாய இன்னும் நேரமிருந்ததால், பயணிகள் அதிகம் போகாத ஓரிடத்துக்குச் சென்றோம். நகரத்தின் மேற்கே ஆற்றோரமாக நீண்டு கிடக்கும் கஷீனே பூங்காவின் கோடியில், முஞோனே என்ற சிற்றாறு ஆர்னோவில் கலக்குமிடத்தில், நம் நாட்டு விமானத்தைப் போன்ற மண்டபத்தின் கீழே வர்ணம் தீட்டிய ஓர் இந்திய இளைஞரின் மார்பளவுச் சிலை இருக்கிறது. கோல்ஹாப்பூர் மகாராஜா இராஜாராம், இங்கிலாந்துக்குப் போய்த் திரும்பும் வழியில், 1870 நவம்பரில், இருபது வயதை ஒட்டிய பருவத்தில், இந்நகரத்தில் காலமானார். இரு நதிகள் கூடுமிடத்தில் ஹிந்து முறைப்படி தகனம் செய்ய நகரத்தார் அனுமதித்தார்கள். சில ஆண்டுகளுக்குப் பின் இந்த மண்டபம் எழுந்தது. அதற்கு அருகே ஆற்றைக் கடக்கும் புதிய பாலத்துக்கு ஊரார் இட்டிருக்கும் பெயர் 'இந்தியர் பாலம்'.