நோயின் பெயரும் இழப்பீட்டு உரிமையும்

நுழையும்முன்

நோயைத் தீர்ப்பதற்கு முன் அதற்குச் சரியான பெயர் தெரிய வேண்டும். பெயர் தவறினால் மருந்து தவறும். மருந்து தவறினால் காலம் கைநழுவும். அவ்வாறு நேர்ந்த தவற்றுக்குக் கவனக்குறைவே காரணம் என்றால், பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்கலாம். தங்கவயல் தமிழரின் வாழ்வோடு நெருங்கிய அவ்வுரிமையை இக்கட்டுரை விளக்குகிறது.

பாலாறும் பாறைத்தூசியும்

நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாறு, கோலார் மாவட்டத்தில் பேத்தமங்களாவைக் கடந்து, ஆந்திரத்தின் வழியே தமிழ்நாட்டிற்குள் நுழைகிறது. பேத்தமங்களாவில் அவ்வாற்றைத் தேக்கி அமைத்த ஏரியிலிருந்துதான் கோலார் தங்கவயலுக்குக் குடிநீர் சென்றது. ஆறு கிழக்கு நோக்கி இறங்கியது. பிழைப்பைத் தேடிய மக்களோ மேற்கு நோக்கி ஏறி வந்தனர். 1880ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் தொடங்கி நடத்திய சுரங்கங்களில் வேலை செய்ய, வட ஆற்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து தமிழர்கள் குடும்பம் குடும்பமாக வந்து குடியேறினர்.

தங்கவயலில் பொன் தனியே கிடைப்பதில்லை. குவார்ட்ஸ் என்னும் கடினமான பாறையின் நரம்புகளில் அது கலந்திருக்கும். பாறையைத் துளையிட்டு, வெடி வைத்துப் பெயர்த்து, ஆலையில் இடித்துப் பொடியாக்கிய பின்னரே பொன்னைப் பிரிக்க முடியும். பொன் பிரிந்தபின் எஞ்சிய மண்தான் இன்றும் மலைபோல் குவிந்து நிற்கும் சயனைடு மேடுகள்.

குவார்ட்ஸ் பாறையில் இருப்பது சிலிக்கா. துளையிடும்போது எழும் சிலிக்காத் தூசி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணியது. அது மூச்சுக்காற்றோடு நுரையீரலின் அடி ஆழம்வரை சென்று தங்கி, அங்கே தழும்புகளை உண்டாக்குகிறது. தழும்பேறிய இடம் விரிந்து சுருங்காது. மூச்சு மெல்ல மெல்லக் குறைகிறது. இந்நோயே சிலிக்கோசிஸ். இதைத் தடுக்கலாம், வந்தபின் முற்றிலும் குணப்படுத்த இயலாது. தூசியைச் சுவாசித்துப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் இது வெளிப்படும். எனவே, 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டதோடு அதன் கதை முடிந்துவிடவில்லை.

ஒரு நிழல், மூன்று பெயர்கள்

நீண்ட நாள் இருமலோடு வரும் முதியவர் ஒருவருக்கு மருத்துவர் மார்பு எக்ஸ்ரே எடுக்கிறார். படத்தில் ஒரு நிழல் தெரிகிறது. அந்நிழலுக்கு மூன்று பெயர்கள் இருக்கக்கூடும்.

முதலாவது காசநோய். கிருமியால் வருவது; சளியைச் சோதித்துக் கிருமியைக் கண்டறிகின்றனர். பெரும்பாலோர் ஆறு மாத மருந்தில் குணமடைகின்றனர். இரண்டாவது சிலிக்கோசிஸ். இதை எக்ஸ்ரே படத்தோடு நோயாளியின் வேலை வரலாற்றையும் சேர்த்துப் பார்த்தே அறிய முடியும். மூன்றாவது நுரையீரல் புற்றுநோய். இதை உறுதிசெய்யத் திசுவைச் சிறிது எடுத்து நுண்ணோக்கியில் ஆராய வேண்டும்.

இம்மூன்றும் ஒன்றோடொன்று பின்னியும் கிடக்கின்றன. சிலிக்கோசிஸ் உள்ளவரைக் காசநோய் எளிதில் பற்றும். சுவாசிக்கப்படும் சிலிக்காத் தூசி மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் வகைப்படுத்தியது. காசநோய் மிகுந்த நம் நாட்டில் நிழலைக் கண்டவுடன் காசநோய் என்று ஐயுறுவது இயல்பே. ஆனால் சளியில் கிருமி இல்லை, மருந்து தொடங்கியும் பயன் இல்லை என்றால், மீண்டும் சோதிக்க வேண்டும். சோதிக்காமல் அதே மருந்தைத் தொடர்ந்தால், உள்ளே புற்றுநோய் வளர்ந்துகொண்டிருக்கலாம்.

நோயை ஆராய்ந்து, அதன் காரணத்தையும் ஆராய்ந்து, தீர்க்கும் வழியையும் தேர்ந்து செயற்பட வேண்டும் என்பது திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் கூறும் நெறி. இத்தாலி நாட்டு மருத்துவர் இராமசீனி 1700ஆம் ஆண்டில் தொழில்சார் நோய்கள் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு அவர் செய்யும் தொழிலையும் கேட்டறிய வேண்டும் என்று அதில் வலியுறுத்தினார். தங்கவயலில் அக்கேள்விக்குக் கிடைக்கும் விடை, நோயின் பெயரையே மாற்றிவிடக்கூடும்.

பெயர் மாறினால் உரிமை மாறும்

மைசூர் சமஸ்தானம் 1940ஆம் ஆண்டிலேயே சிலிக்கோசிஸ் நோய்க்கு இழப்பீடு வழங்க விதிகள் வகுத்தது. அதற்குக் காரணமாக அமைந்தவை தங்கவயல் சுரங்கங்களே. 1940களில் இங்கு ஆயிரக்கணக்கான தொழிலாளர்களைச் சோதித்தபோது, நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோரிடம் சிலிக்கோசிஸ் காணப்பட்டது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையிலும் இந்நோய் பின்னர் இடம்பெற்றது.

ஆகவே, அட்டையில் ‘சிலிக்கோசிஸ்’ என்று எழுதப்பட்டால் தொழிலாளி, வேலை கொடுத்தவரிடம் இழப்பீடு கேட்கலாம். அதே நிழலுக்குக் ‘காசநோய்’ என்று எழுதப்பட்டால் அக்கதவு திறப்பதில்லை. மருத்துவரின் ஒரு சொல் மருந்துக் கடைக்கும் செல்கிறது, நீதிமன்றத்திற்கும் செல்கிறது.

எது கவனக்குறைவு?

தவறான கணிப்பு எல்லாம் கவனக்குறைவு ஆகாது. திறமை மிக்க மருத்துவரும் சில வேளைகளில் தவறக்கூடும். ஆகவே, சட்டம் மூன்று கேள்விகளை எழுப்புகிறது. நோயாளியைக் கவனிக்கும் கடமை மருத்துவருக்கு இருந்ததா? அத்துறையில் பயின்ற ஒருவர் இயல்பாகச் செய்யக்கூடியதை அவர் செய்யத் தவறினாரா? அத்தவற்றால்தான் தீங்கு நேர்ந்ததா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்ற விடை கிடைத்தால்தான் இழப்பீடு கிடைக்கும்.

தவறு இருவகைப்படும். ஒன்று, இல்லாத நோயை உண்டு என்பது. 2019ஆம் ஆண்டில் கேரளத்தில் வெளிவந்த நிகழ்வு இவ்வகையைச் சார்ந்தது. ஒரு பெண்ணின் மார்பகக் கட்டியைச் சோதித்த தனியார் ஆய்வகம் புற்றுநோய் என்று அறிக்கை தந்தது. கோட்டயம் அரசு மருத்துவக் கல்லூரியில், அங்குள்ள ஆய்வகத்தின் முடிவு வரும் முன்பே, அவருக்குக் கீமோதெரபி தொடங்கப்பட்டது. பின்னர்ச் செய்த சோதனைகளில் புற்றுநோய் இல்லை என்று தெரிந்தது. தேவையற்ற கடுமருந்தின் துன்பத்தை அவர் வீணே அனுபவித்தார். மாநில அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. இன்னொரு முடிவுக்காகச் சில நாள் காத்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய துன்பம் அது.

மற்றொன்று, உள்ள நோயை இல்லை என்பது. இங்கிலாந்தில் ஒருவர் தம் அக்குளில் இருந்த கட்டியை மருத்துவரிடம் காட்டினார். அது வெறும் கொழுப்புக்கட்டி என்று கூறி அனுப்பிவிட்டார் மருத்துவர். உண்மையில் அது நிணநீர்ப் புற்றுநோய். சிகிச்சை ஒன்பது மாதம் தாமதமானது. பத்து ஆண்டுகள் உயிர்வாழும் வாய்ப்பு 42 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாகக் குறைந்தது. ஆயினும் 2005இல் அந்நாட்டின் பிரபுக்கள் அவை, மூவருக்கு இருவர் என்ற கணக்கில், அவரது கோரிக்கையை ஏற்கவில்லை. தொடக்கத்திலேயே கண்டறிந்திருந்தாலும் அவர் பிழைக்கும் வாய்ப்புப் பாதிக்கும் குறைவு; ஆதலால், தாமதமே தீங்குக்குக் காரணம் என்று மெய்ப்பிக்க முடியவில்லை என்பது பெரும்பான்மையினர் கருத்து. தவறு இருந்தது, ஆனால் மூன்றாம் கேள்வியில் வழக்கு நின்றுவிட்டது. மாறுபட்ட இரு நீதிபதிகள், வாய்ப்பைப் பறிப்பதும் இழப்பே என்றனர்.

நம் உச்ச நீதிமன்றமும் 2010இல் இத்தகைய வழக்கு ஒன்றைத் தள்ளுபடி செய்தது. சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பியில் இருந்த கட்டிக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்டு பின்னர் இறந்த ஒருவரின் குடும்பத்தினர் 45 லட்சம் ரூபாய் கேட்டிருந்தனர். சிகிச்சை வெற்றி பெறாதது ஒன்றே கவனக்குறைவுக்குச் சான்றாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

வாயில் திறந்த தீர்ப்பு

முன்பு மருத்துவர்மீது வழக்குத் தொடுக்க எளியோரால் இயலவில்லை. உரிமையியல் வழக்கு நெடுங்காலம் நீண்டது, செலவும் மிகுந்தது. 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, மருத்துவமும் அச்சட்டம் கூறும் ‘சேவை’யா என்ற வினா எழுந்தது. நோயறிதலும் சிகிச்சையும் அதில் அடங்கா என்று சென்னை உயர் நீதிமன்றம் 1994இல் கூறியது. உச்ச நீதிமன்றம் அதனை ஏற்காமல், கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவமும் சேவையே என்று 1995ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்பில் தொழிலாளர் குடும்பங்களுக்குரிய ஒரு பகுதி உண்டு. வேலையின் நிபந்தனையாகத் தொழிலாளிக்கும் அவரைச் சார்ந்தோருக்கும் ஆகும் மருத்துவச் செலவை நிறுவனமே ஏற்குமானால், அச்சிகிச்சை ‘இலவசம்’ ஆகாது. எனவே அவர்களும் நுகர்வோரே. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை அளிக்கும் மருத்துவமனைகள் மட்டும் இச்சட்டத்திற்குள் வரா. அங்கு நேர்ந்த தீங்குக்கு உரிமையியல் நீதிமன்றத்தை நாடலாம்.

இப்போது நடைமுறையில் உள்ள 2019ஆம் ஆண்டின் சட்டப்படி, முறையீட்டாளர் தாம் வாழும் மாவட்டத்திலேயே முறையிடலாம். பேத்தமங்களாவில் வாழ்பவர் பெங்களூரில் சிகிச்சை பெற்றிருந்தாலும், கோலார் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். செலுத்திய கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் முறையீட்டுக் கட்டணம் இல்லை. ஆயினும் காலவரையறை உண்டு. வழக்குக்குரிய காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். தாமதத்திற்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் பொறுத்தருளலாம்.

காகிதமே சான்று

நீதிமன்றத்தின் முன் கண்ணீர் சான்றாகாது, காகிதமே சான்றாகும். மருத்துவச் சீட்டு, ஆய்வக அறிக்கை, எக்ஸ்ரே படம், கட்டண ரசீது, மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது தரும் சுருக்கக் குறிப்பு ஆகிய அனைத்தையும் தேதி வரிசையில் அடுக்கி வைக்க வேண்டும். நோயாளி எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்திற்குள் மருத்துவப் பதிவேடுகளைத் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. சிகிச்சை தொடங்கி மூன்று ஆண்டுகள் வரை அவற்றைப் பாதுகாக்க வேண்டும் என்பதும் அவ்விதியே. வேறொரு மருத்துவரின் கருத்தை எழுத்தில் பெறுவது வழக்குக்கு வலிமை சேர்க்கும். சுரங்கத்தில் உழைத்தவர்கள் வேலை அட்டையையும் சம்பளச் சீட்டையும்கூடத் தூக்கி எறியலாகாது.

தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளரின் அனுபவம் இதற்குச் சான்று. தூசியால் நுரையீரல் கெட்ட அவர்கள் ஒன்றுகூடி வழக்குத் தொடுத்தனர். 2018இல் ஆறு நிறுவனங்கள் சுமார் 500 கோடி ராண்டு மதிப்பில் உடன்பாட்டுக்கு வந்தன. 2019இல் ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் அதற்கு ஒப்புதல் அளித்தது. தொழிலாளி இறந்துவிட்டால் அவர் குடும்பத்தினரும் உரிமை கோரலாம். சுரங்கத்தில் வேலை செய்ததற்கும் நோய் இருந்ததற்கும் சான்று வேண்டும். உழைத்தவர் மறைந்தாலும் அவர் வைத்துச் சென்ற சான்று பேசும்.

தங்கவயல் வீடுகளில் மருத்துவச் சீட்டு ஆங்கிலத்தில் இருக்கிறது; அரசு அறிவிப்பு கன்னடத்தில் வருகிறது; தாத்தாவோ தமிழில் மட்டுமே நோவைச் சொல்லத் தெரிந்தவர். இம்மூன்றையும் இணைக்கக்கூடியவர்கள் அவ்வீட்டின் பேரப்பிள்ளைகள். சீட்டில் எழுதியுள்ள நோயின் பெயரைப் படித்துச் சொல்வதும், ‘தாத்தா முப்பது ஆண்டு சுரங்கத்தில் வேலை செய்தவர்’ என்று மருத்துவரிடம் எடுத்துச் சொல்வதும் சிறிய செயல்கள் போலத் தோன்றலாம். ஆனால் சரியான பெயர் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சொற்பொருள்

இழப்பீடு – நேர்ந்த இழப்பிற்கு ஈடாகத் தரும் தொகை
கவனக்குறைவு – செய்ய வேண்டியதைச் செய்யத் தவறுதல்
முறையீடு – குறையை எடுத்துரைத்து நீதி கேட்டல்
திசு – உடலின் உயிரணுக்களால் ஆன பகுதி
காலவரையறை – சட்டம் குறித்த கால எல்லை

பயிற்சி

1. எக்ஸ்ரே படத்தில் தெரியும் நிழலுக்குரிய மூன்று பெயர்கள் யாவை? ஒவ்வொன்றையும் எவ்வாறு உறுதிசெய்வர்?
2. நோயின் பெயர் மாறினால் தொழிலாளியின் உரிமை எவ்வாறு மாறுகிறது?
3. இங்கிலாந்து வழக்கில் பெரும்பான்மை நீதிபதிகளின் கருத்தையும் மாறுபட்ட இருவரின் கருத்தையும் ஒப்பிடுக. உம் கருத்து யாது?
4. பிரித்து எழுதுக: அவ்வுரிமை, பாறைத்தூசி, பேரப்பிள்ளைகள்.
5. வீட்டுப் பெரியவர் ஒருவருடன் உரையாடி, அவர் செய்த தொழில், பணியாற்றிய ஆண்டுகள், உடல்நிலை ஆகியவற்றைத் தமிழில் ஒரு பக்க அளவில் எழுதுக.