தளர்ந்து அடிக்கும் லொறிப் பட்டியைத் திருத்தும் முறை

விளைவித்த பொருளைப் பழுதின்றிச் சந்தை சேர்ப்பதும் கமத்தொழிலின் ஒரு பகுதியே. நெல் ஓரிரு நாள் தாமதத்தைப் பொறுக்கும். லீக்ஸ், கோவா, போஞ்சி, தக்காளி முதலிய மரக்கறிகள் பொறுக்கமாட்டா. இவற்றை ஏற்றிச் செல்லும் டீசல் லொறிகளுட் பல நெடுங்காலம் உழைத்துத் தேய்ந்தவை. இத்தகைய லொறிகள் நடுவழியில் நின்றுவிடுவதற்கு ஒரு சிறு குறையே போதியதாகும். இயந்திரத்தின் முன்புறத்திற் சுழலும் இறப்பர்ப் பட்டி தளர்ந்துபோதல் அத்தகைய குறைகளுள் ஒன்று. பெல்ட் எனப் பலரும் கூறுவது இதனையே. இக்குறையை முன்கூட்டியே அறிந்தால், வீட்டு முற்றத்திலேயே ஒரு மணி நேரத்துக்குட் பெரும்பாலும் திருத்திக்கொள்ளலாம்.

நுவரெலியாவில் மாலையில் மரக்கறி ஏற்றிய லொறியொன்று, றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கி, விடியுமுன் தம்புள்ளைச் சந்தையை அடையவேண்டியுள்ளது எனக் கொள்க. புறப்படும்போதே இயந்திரத்தின் முன்புறத்திலிருந்து துணி துவைப்பது போன்ற ‘பட் பட்’ என்னும் ஓசை கேட்கின்றது. வண்டி ஓடுவதால் சாரதி அதனைப் பொருட்படுத்துவதில்லை. இரவு ஏற ஏற விளக்கொளி மங்குகின்றது. வெப்பமானியின் முள் உயர்கின்றது. இறக்கத்திற் பிரேக் மிதி வழமைக்கு மாறாக இறுகுகின்றது. இம்மூன்றுக்கும் அந்த ஒரே பட்டி காரணமாயிருத்தல் கூடும்.

பட்டி செய்யும் வேலை

இயந்திரத்தின் பிரதான சுழல்தண்டிலுள்ள கப்பியிலிருந்து ஆற்றலைப் பெற்றுப் பிற உறுப்புகளைச் சுழற்றுவது இப்பட்டியாகும். அவ்வுறுப்புகளுள் ஒன்று பற்றறிக்கு மின்னேற்றும் மின்பிறப்பாக்கி. இதனை ஓல்டனேற்றர் என்பர். பழைய லொறிகள் பலவற்றில் இதே பட்டியே தண்ணீர்ப் பம்பியையும் விசிறியையும் சுழற்றும். ஆதலின் பட்டி வழுக்கினால் மின்னேற்றம் குறைவதோடு, இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீரோட்டமும் காற்றோட்டமும் குறைந்துவிடும்.

இன்னுமொரு செய்தியை லொறி உரிமையாளர் யாவரும் மனத்திற் கொள்ளல் வேண்டும். ஜப்பானில் ஆக்கப்பட்ட பழைய டீசல் லொறிகள் பலவற்றில், பிரேக்கிற்குத் துணைபுரியும் வெற்றிடப் பம்பி மின்பிறப்பாக்கியின் பிற்பக்கத்திற் பொருத்தப்பட்டு, அதன் தண்டினாலேயே சுழற்றப்படுகின்றது. இவ்வகை லொறியிற் பட்டி அறுந்தால் வெற்றிடம் உண்டாவது நின்றுவிடும். சேமிப்பிலுள்ள வெற்றிடம் சில மிதிப்புகளிலே தீர்ந்துபோகும். அதன்பின் மிதி கல்லைப்போல் இறுகும். மிகுந்த பலத்துடன் மிதித்தாலன்றி வண்டி நில்லாது. தமது லொறி இவ்வகையினதா என்பதை உரிமையாளர் அறிந்து வைத்திருத்தல் அவசியம்.

டீசல் இயந்திரத்தின் இயல்பு ஒன்றும் இவ்விடத்தில் ஏமாற்றத்துக்கு இடமளிக்கின்றது. பெற்றோல் இயந்திரத்திற்கு மின்பொறி தேவை. மின்சாரம் ஒழிந்தால் அது நின்றுவிடும். டீசல் எண்ணெயோ அமுக்கப்பட்ட காற்றின் வெப்பத்தினாலேயே தீப்பற்றுகின்றது. ஆகவே பட்டி முற்றாக அறுந்த பின்னரும் பழைய டீசல் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். நீர் கொதித்து, சிலிண்டர்த் தலை வளைந்த பின்னரே குறை வெளிப்படும். ஓடுகின்றதென்பதால் யாவும் நலமென்று கொள்ளலாகாது.

ஓசையின் காரணத்தைக் காணல்

பட்டியில் ஓசை கேட்டவுடன் அதனை இழுத்து இறுக்கிவிடுதல் பொதுவான வழக்கம். இது தவறு. பட்டி ஏன் தளர்ந்தது என்பதைக் கண்டபின்னரே இறுக்குதல் வேண்டும். பார்க்குமுன் இயந்திரத்தை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு, இயந்திரம் ஆறும்வரை பொறுத்திருக்க. பற்றறியின் எதிர்முனைக் கம்பியையும் கழற்றிவிடுக. பின்வருவனவற்றை ஒழுங்காகப் பார்த்தல் நன்று.

1. பட்டி: உட்புறத்தையும் இரு பக்கங்களையும் திருப்பிப் பார்க்கவேண்டும். வெடிப்பு, நூல் பிரிதல், கண்ணாடிபோன்ற பளபளப்பு, எண்ணெய் ஊறிய மென்மை ஆகியன காணப்பட்டால் அப்பட்டி இறுக்குதற்குரியதன்று, மாற்றுதற்குரியது. ஓரிடத்தில் துண்டு பெயர்ந்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் அடிக்கும் ஓசை உண்டாகும்.

2. கப்பியின் பள்ளம்: இப்பட்டி ஆப்பு வடிவானது; தன் இரு பக்கங்களாலேயே கப்பியைப் பற்றுகின்றது. பள்ளத்தின் அடி தேய்ந்து மினுங்கினால், பட்டி அடியில் முட்டுகின்றது என்பது பொருள். எவ்வளவு இறுக்கினும் அது வழுக்கும். பட்டி தேய்ந்ததா, கப்பி தேய்ந்ததா எனப் பார்த்து அதனை மாற்றவேண்டும்.

3. கப்பிகளின் நேர்: நேரான சட்டமொன்றைக் கப்பிகளின் முகத்தில் வைத்துப் பார்க்க. ஒன்று முன்னோ பின்னோ விலகியிருந்தாற் பட்டி ஒரு பக்கமாகத் தேய்ந்து, முறுக்கி அடிக்கும்.

4. தாங்கியும் போல்ட்டுகளும்: மின்பிறப்பாக்கியைக் கையாற் பிடித்து அசைக்க. தாங்கி வெடித்தோ, போல்ட்டுத் துளை முட்டை வடிவாகத் தேய்ந்தோ இருந்தால், இன்று இறுக்கிய பட்டி சில நாளில் மீண்டும் தளரும். அடிக்கடி தளரும் பட்டிக்கு இதுவே பெரும்பாலும் காரணமாகும்.

5. பெயரிங்குகள்: பட்டியைக் கழற்றிய பின் மின்பிறப்பாக்கி, தண்ணீர்ப் பம்பி ஆகியவற்றின் கப்பிகளைக் கையாற் சுழற்றுக. கரகரப்போ ஆட்டமோ இருந்தாற் பெயரிங் கெட்டுள்ளது.

6. பிரதான கப்பி: சில இயந்திரங்களில் இக்கப்பியின் வெளி வளையம் இறப்பரினால் ஒட்டப்பட்டிருக்கும். அந்த இறப்பர் பிரிந்தால் கப்பி தள்ளாடிப் பட்டியை அடிக்கச் செய்யும்.

டீசல் இயந்திரம் ஒவ்வொரு வெடிப்பிலும் சற்று உந்திச் சுழல்வதால், மிக மெதுவாக ஓடும்போது பட்டி சிறிது அதிர்தல் இயல்பே. வேகம் கூடியபின்னும் அடித்தாலோ, மூடியிலும் குழாய்களிலும் பட்டி முட்டினாலோ, கிரீச்சென்ற ஓசை எழுந்தாலோ அது குறையெனக் கொள்க.

இறுக்கும் முறை

மின்பிறப்பாக்கி அசைந்து திரும்புவதற்கென ஒரு நீண்ட போல்ட்டும், நீள்துளையுள்ள இரும்புப் பட்டையில் ஒரு சிறு போல்ட்டும் இருக்கும். இவ்விரண்டையுஞ் சிறிது தளர்த்துக. நீண்ட போல்ட்டைத் தளர்த்தாது நெம்பினால் தாங்கி வெடிக்கும். இறுக்குவதற்கெனத் தனித் திருகு பொருத்திய இயந்திரமாயின், அத்திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பினாற் போதும். அஃதில்லாதவற்றில், உறுதியான மரத்துண்டை நெம்புகோலாகக் கொண்டு, மின்பிறப்பாக்கியின் முன்பக்க உடலில் வைத்து வெளிப்புறமாக நெம்புக. அதன் பிற்பக்க மூடி அலுமினியத்தாலானது, எளிதில் உடையும். வெற்றிடப் பம்பியிலோ அதன் எண்ணெய்க் குழாய்களிலோ நெம்புகோலை ஒருபோதும் வைத்தலாகாது.

அந்நிலையிற் பிடித்துக்கொண்டு சிறு போல்ட்டை முதலிலும் நீண்ட போல்ட்டைப் பின்னரும் இறுக்குக. பின்பு இரு கப்பிகளுக்கிடையே பட்டி மிக நீளமாகச் செல்லும் இடத்தின் நடுவில், ஏறத்தாழ 10 கிலோகிராம் பலத்துடன் பெருவிரலால் அமுக்கிப் பார்க்க. பல பழைய லொறிகளுக்கு 8 முதல் 12 மில்லிமீற்றர் வரை பட்டி தாழ்தல் ஏற்றதாகும். லொறிக்குரிய கைந்நூல் வேறு அளவு கூறினால் அதனையே கொள்ளவேண்டும்.

மிகையாக இறுக்குதலும் தளர்வைப்போலவே கேடு தரும். கம்பிபோல் இறுகிய பட்டி மின்பிறப்பாக்கி, தண்ணீர்ப் பம்பி ஆகியவற்றின் பெயரிங்குகளைச் சில மாதத்திலே தின்றுவிடும். ஒரு பட்டியின் விலையை மிச்சப்படுத்த முயன்று, ஒரு பம்பியின் விலையைச் செலுத்த நேரும்.

பற்றறிக் கம்பியை மீண்டும் பூட்டி இயந்திரத்தை இயக்குக. சாரம், தளர்ந்த சட்டை, தலைத்துண்டு ஆகியவற்றுடன் விசிறியை அணுகுதல் உயிராபத்தை விளைவிக்கும். மின்னேற்ற விளக்கு அணைகின்றதா எனப் பார்க்க. மின்னழுத்தமானி இருப்பின், 12 வோல்ட்டு லொறியில் ஏறத்தாழ 14 வோல்ட்டும், 24 வோல்ட்டு லொறியில் ஏறத்தாழ 28 வோல்ட்டும் காட்டுதல் வேண்டும். பட்டி சரியாக இறுகிய பின்னும் இவ்வளவு காட்டாவிடின், குறை மின்பிறப்பாக்கியினுள் இருத்தல் கூடும்.

மனத்திற் கொள்ளவேண்டியவை

புதிய பட்டி முதலிற் சிறிது நீண்டு பள்ளத்தில் அமரும். ஆதலின் பூட்டிக் கால் மணி நேரம் இயக்கியபின் ஒருமுறையும், முதற் பயணம் முடிந்தபின் மறுமுறையும் அதன் இறுக்கத்தைப் பார்க்க. இரட்டைப் பட்டியுள்ள இயந்திரத்தில் ஒன்று கெட்டாலும் இரண்டையுஞ் சோடியாகவே மாற்றவேண்டும். இல்லையேற் புதிய பட்டியே சுமை முழுவதையுந் தாங்கி விரைவிற் கெடும். ஓசையை அடக்கச் சவர்க்காரம், கிறீஸ், எண்ணெய் முதலியவற்றைப் பூசலாகாது. அவை வழுக்கலை மிகுவிக்கும். எண்ணெயும் கிறீஸும் இறப்பரையும் அழிக்கும்.

பட்டியின் முதுகிற் பொறிக்கப்பட்ட இலக்கத்தைக் குறித்துவைத்து, அதே அளவான மேலதிகப் பட்டியொன்றையும் உரிய ஸ்பனர்களையும் லொறியில் வைத்திருத்தல் நன்று. இறக்கத்தில் மின்னேற்ற விளக்கு திடீரென எரிந்தாற் பட்டி அறுந்திருக்கலாம். அப்போது மிதியை வீணாகத் திரும்பத் திரும்ப மிதியாது, தாழ்ந்த கியரில் மெதுவாக இறங்கி, முதற் கிடைக்கும் பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்திவிடுக. சிறிது தூரந்தானே என எண்ணி ஓட்டுதல் பெருந்தவறு.

வெள்ளம் வருமுன் அணை கோலுவது கமக்காரருக்குப் புதிதன்று. சாக்குகளை ஏற்றுமுன் பட்டியைப் பெருவிரலால் ஒருமுறை அமுக்கிப் பார்ப்பதும் அதனை ஒத்த செயலே. அதற்கு ஒரு நிமிடம் போதும். பல மாத உழைப்பின் பயனும், அதனைக் கொண்டுசெல்வோரின் உயிரும் அந்த ஒரு நிமிடத்தாற் காக்கப்படும்.